போர் கண்ட முதியவர்களை நினைவிடத்துக்குக் கூட்டிப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வயதானவர்களை வான் வண்டியில் ஏற்றி அவரவர் நினைவிடத்துக்குக் கூட்டிப் போய் வரும் ஒரு சின்னக் கூட்டத்தில் நானும் ஒருவன். எங்களுக்கு அலுவலகமும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. கேள்விகள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன. கிளினிக் வரிசையில் கேட்கிறார்கள், கோயில் வாசலில் கேட்கிறார்கள், செத்த வீட்டில் கேட்கிறார்கள், இரவு பத்து மணிக்குப் போன் எடுத்தும் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, நாங்கள் சொல்லும் பதிலையும் கீழே போட்டிருக்கிறேன்.

இது என்ன, சுற்றுலாவா, கோயில் யாத்திரையா?

இரண்டும் இல்லை. போரில் தன் ஆட்களைப் பறிகொடுத்த ஒருவர், அல்லது தானே போரில் நின்று வந்த ஒருவர், அந்த இழப்பின் பெயரால் ஒரு கல்லோ தூணோ இருக்கிற இடத்துக்கு ஒரு தடவையாவது போய்வர வேண்டும் என்று நினைக்கிறார். தனியாகப் போக உடம்பு இடம் கொடுக்காது. பிள்ளைகள் கட்டாரிலோ கனடாவிலோ இருக்கிறார்கள், ஊரில் இருப்பவர்களுக்கும் வேலை. அவரைக் காலையில் வீட்டு வாசலில் ஏற்றி, அங்கே அவருக்கு வேண்டிய நேரம் இருக்க விட்டு, பொழுதுபட முன்னம் வீட்டில் கொண்டுவந்து விடுகிறோம். அவ்வளவுதான்.

அவசரப்படுகிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். ஆமாம், அவசரப்படுகிறோம். 1990-ல் 40 வயதில் இருந்த தாய்க்கு இப்போது 75 ஆகிவிட்டது. ஒரு மாரி காலத்தில் "பொங்கல் முடியப் போவம் மகன்" என்று சொன்ன ஒரு ஐயா பொங்கலுக்கு இருக்கவில்லை. அவருக்காக எடுத்து வைத்த இருக்கையில் வேறு ஒருவரை ஏற்ற அன்றைக்கு எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

அமெரிக்காவில் இப்படி ஒன்று நடக்குதாமே, அதைப் பார்த்தா செய்யிறீங்க?

யோசனை அங்கிருந்து வந்ததுதான். அதன் பெயர் ஹானர் ஃப்ளைட். வாஷிங்டனில் இரண்டாம் உலகப் போர் நினைவிடம் 2004-ல்தான் திறந்தார்கள், போர் முடிந்து கிட்டத்தட்ட 60 வருடம் கழித்து. அதற்குள் போருக்குப் போனவர்களுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஒஹாயோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் முன்னாள் படைவீரர்களுக்கான கிளினிக்கில் வேலை செய்த எர்ல் மோர்ஸ் என்பவர் தன்னிடம் வரும் பெரியவர்களை "போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்பார். போவேன் என்று சொன்னவர்கள் அடுத்த கிளினிக்குக்கு வரும்போதும் போயிருக்கவில்லை. காசும் இல்லை, கூட்டிப் போக ஆளும் இல்லை. மோர்ஸுக்குச் சின்ன விமானம் ஓட்டத் தெரியும். நானே கூட்டிப் போகிறேன் என்று ஒருவரிடம் சொன்னார், பிறகு தன்னைப் போன்ற மற்ற விமானிகளையும் கேட்டார். 2005 மே மாதத்தில் 6 சின்ன விமானங்களில் 12 பேர் போய் வந்தார்கள்.

அவர் விமானிகளிடம் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். பெரியவர்களிடம் ஒரு சதமும் வாங்கக் கூடாது. இறக்கிவிட்டுப் போய்விடக் கூடாது, நாள் முழுக்கக் கூடவே இருக்க வேண்டும். அதே காலத்தில் வட கரோலினாவில் ஜெஃப் மில்லர் என்பவர் பெரிய விமானத்தையே வாடகைக்கு எடுத்து ஆட்களைக் கூட்டிப் போனார், பிறகு இரண்டும் ஒன்றாகி நாடு முழுக்கப் பரவியது. இப்போது கொரியா, வியட்நாம் போருக்குப் போனவர்களும் போகிறார்கள். எங்களிடம் இருப்பது வான். ஆனால் அந்த இரண்டு நிபந்தனையையும் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

அங்க படைவீரருக்குச் செய்யிறாங்க. நீங்க யாரைக் கூட்டிப் போறீங்க?

நம்முடைய மண்ணில் போர் வேறு நாட்டில் நடக்கவில்லை, குசினிக்குள் நடந்தது. சீருடை போடாதவர்களும் இங்கே ஏராளமாகச் செத்தார்கள், மிஞ்சியவர்கள் அதைச் சுமந்துகொண்டும் இருக்கிறார்கள். அதனால் பிள்ளையை, புருஷனை, கூடப்பிறந்தவரை இழந்த முதியவர்கள்தான் எங்கள் வானில் அதிகம். சீருடை போட்டவர்களும் வருகிறார்கள், அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

வயது 70-க்கு மேல் என்பது எங்கள் கணக்கு. நோய் கடுமையாக இருந்தால் வயது பார்ப்பதில்லை, அவர்தான் வரிசையில் முதல் ஆள். ஹானர் ஃப்ளைட்டிலும் இதே ஒழுங்குதான், வயது மூத்தவரும் நோய் முற்றியவரும் முதலில்.

எந்த எந்த இடங்களுக்குப் போவீங்க?

வருகிறவர் சொல்கிற இடத்துக்கு. ஆனாலும் அடிக்கடி போகிற இடங்கள் உண்டு. மட்டக்களப்பு நகரில் இருந்து திருகோணமலை வீதியால் வடக்கே போனால் சத்துருக்கொண்டான். 1990 செப்டம்பர் 9 அன்று சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி ஆகிய நாலு ஊர்ச் சனத்தையும் இராணுவ முகாமுக்குக் கூட்டிப் போய் 180-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள், கைக்குழந்தைகளும் அதற்குள் அடக்கம். தெற்கே காத்தான்குடி. அதே வருடம் ஆகஸ்ட் 3 இரவு மீரா ஜும்மா பள்ளிவாசலிலும் ஹுஸைனியா பள்ளிவாசலிலும் தொழுகையில் நின்ற 100-க்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். பள்ளிச் சுவரில் சன்னம் பாய்ந்த துளைகளை மூடாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மகிழடித்தீவு. 1987 ஜனவரியில் இறால் பண்ணையில் நடந்த படுகொலையும் 1991 ஜூன் 12-ல் நடந்த படுகொலையும் அந்தப் பக்கத்துச் சனத்துக்கு ஒரே காயம்தான். 2014-ல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அங்கே போவது லேசாகிவிட்டது. முந்தி "பாதை" என்று சொல்லும் மிதவையில் ஏறித்தான் ஆற்றைக் கடக்க வேண்டும், நடக்க ஏலாதவரை அதில் ஏற்றி இறக்குவதை நினைத்தே பார்க்க முடியாது. அம்பாறைப் பக்கம் வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில், அங்கே தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களை 1990 ஆகஸ்ட் 12-ல் கொன்றார்கள். அதற்கு முந்தின இரவு ஏறாவூரில் முஸ்லிம்களைக் கொன்றார்கள். இந்தத் திகதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஆகஸ்ட் 3-ல் இருந்து செப்டம்பர் 9 வரை 40 நாள் கூட இல்லை. ஒரு மாவட்டமும் பக்கத்து மாவட்டமும் அந்த 40 நாளில் இருந்து இன்னும் எழும்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முள்ளிவாய்க்கால், கொழும்பு மாதிரித் தூர இடங்களுக்கு எப்போதாவதுதான் போவோம். ஓர் இரவு தங்க வேண்டி வரும், எல்லா உடம்புக்கும் அது ஒத்து வராது.

அம்மாவுக்கு 82. சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கு. கூட்டி வரலாமா?

வரலாம். வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இரண்டும் உண்டு. கிளினிக் கொப்பியைக் கட்டாயம் கொண்டுவரச் சொல்லுங்கள், அன்றைக்குப் போட வேண்டிய குளிசைகளை நேரம் எழுதி ஒரு சின்னப் பையில் தனியாக வையுங்கள். சலம் போவதற்கான குளிசை எடுப்பவர் என்றால் பயண நாளில் அதை எப்போது எடுப்பது என்று டொக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப் போடக் கூடாது, அதனால் நாங்கள் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டுதான் வெளிக்கிடுவோம். சாப்பாடு பிந்தினால் சீனி இறங்கிவிடக்கூடும், அதனால் குளுக்கோசும் தேத்தண்ணிப் போத்தலும் எப்போதும் வானில் இருக்கும்.

ஒரு விஷயம் நாங்கள் பட்டுத்தான் படித்தோம். நினைவிடத்துக்குப் போனால் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பத்து மணி வெயிலில் சீமெந்துத் தரை கொதிக்கும். சீனி வருத்தம் கூடியவர்களுக்குக் காலில் உணர்வு குறைவு, சுடுவது தெரியாது. ஒரு பெத்தா அப்படியே நின்று கும்பிட்டுவிட்டு வானில் வந்து ஏறினார், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம். அந்தப் புண் ஆற இரண்டு மாதம் எடுத்தது. அன்றில் இருந்து இரண்டு சாக்கு கொண்டுபோகிறோம். தண்ணீரில் நனைத்து, நிற்கிற இடத்தில் விரித்துவிடுவோம்.

கூட ஆள் வரத்தான் வேணுமா? எனக்கு லீவு எடுக்க ஏலாது.

ஒருவருக்கு ஒருவர் என்பது எங்கள் கண்டிப்பான விதி. அது நீங்களாக இருக்க வேண்டும் என்று இல்லை. உங்களுக்கு வர முடியாவிட்டால் எங்கள் பிள்ளைகளில் ஒருவர் அன்றைக்கு அவருக்கு மகனாகவோ மகளாகவோ இருப்பார். ஆனால் பயணத்துக்கு முன்னம் இரண்டு தடவையாவது வீட்டுக்கு வந்து பழகிவிட்டுத்தான் வருவார். முன்பின் தெரியாத ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு யாரும் அழ மாட்டார்கள்.

உண்மையைச் சொன்னால், சில பேருக்குச் சொந்தப் பிள்ளை கூட வராதது நல்லது. பிள்ளைக்கு முன்னால் தாய் அடக்கிக்கொண்டு இருப்பார், எங்களுடன் வந்தால் 30 வருடமாகச் சொல்லாததைச் சொல்லுவார். அப்படிச் சொன்னதை நாங்கள் வீட்டில் வந்து ஒப்புவிப்பதில்லை, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

எவ்வளவு காசு கட்டணும்?

முதியவருக்கு ஒன்றும் இல்லை. கூட வருகிறவர் முடிந்தால் டீசலுக்குக் கொடுக்கலாம். மிச்சத்தை நாங்களும் வெளிநாட்டில் உள்ள சிலரும் பார்த்துக்கொள்கிறோம். வீட்டில் முருங்கைக்காய் இருக்கு, தயிர்ச்சட்டி ஒன்று தரட்டா என்று கேட்பவர்களுக்கு நாங்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை. சும்மா ஏறிப் போவது சிலருக்குக் கூச்சமாக இருக்கும், அந்தத் தயிர்ச்சட்டியோடு தலை நிமிர்ந்து ஏறுவார்கள்.

நினைவு நாளிலயே போறது நல்லமா, வேற நாளிலயா?

நினைவு நாளில் சனம், ஒலிபெருக்கி, மாலை போட வருகிற அரசியல்வாதிகள், கமரா. சத்தம் பிடிக்கும் என்கிறவர் அன்றைக்குப் போகலாம், தன்னைப் போல இன்னும் நூறு பேர் இருக்கிறார்கள் என்று பார்ப்பதும் ஒரு ஆறுதல்தான். நடக்க ஏலாதவர், காது மந்தமானவர், தனியாக இருக்க விரும்புகிறவர் என்றால் இரண்டு கிழமை முந்தியோ பிந்தியோ கூட்டிப் போவோம். உடம்புக்கு மாசி, பங்குனி நல்லது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனல் அடிக்கும், அப்போது காலை ஆறு மணிக்கே வெளிக்கிட்டு ஒன்பதரைக்குள் முடித்துவிட வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் படுவான்கரை வீதிகளை நம்பி வயதானவர்களை ஏற்ற மாட்டோம்.

அங்க போய் என்ன செய்யணும்? பூசையா, விளக்கா?

நாங்கள் ஒன்றும் ஒழுங்கு பண்ணுவதில்லை. விளக்கும் பூவும் கொண்டுபோவோம், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். முஸ்லிம் பெரியவர்கள் துஆ ஓதுவார்கள். கிறிஸ்தவர்கள் மெழுகுதிரி கொண்டுவருவார்கள். ஒன்றுமே செய்யாமல் கதிரையில் இருந்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

பெயர் வெட்டிய கல் என்றால் ஒன்று மட்டும் கவனியுங்கள். கண் மங்கியவருக்கு எழுத்துத் தெரியாது. வாசித்துக் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். கையைப் பிடித்து அந்தப் பெயருக்கு மேல் விரலை வைத்துவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா மகனுடைய பெயரை விரலால் தடவித் தடவி, முதல் எழுத்து எது என்று கேட்டார். சொன்னேன். அந்த எழுத்தின் சுழியை மூன்று தரம் சுற்றி வந்தார். பிறகு முந்தானையால் அந்தப் பெயரை மட்டும் துடைத்தார், மேலேயும் கீழேயும் இருந்த பெயர்களில் தூசு அப்படியே இருந்தது. கொஞ்சம் போய்விட்டுத் திரும்பி வந்து அவற்றையும் துடைத்தார்.

அழுது ஏதும் ஆகிட்டா யார் பொறுப்பு?

அழுவார்கள். அழத்தான் வருகிறார்கள். மயக்கம், நெஞ்சுநோ என்றால் உடனே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்குப் போன் அடிப்போம். போகிற வழியில் எந்த ஆஸ்பத்திரி கிட்ட என்று முதல் நாளே பார்த்து வைத்திருப்போம். மற்றபடி அழுகையை நிறுத்தப் பாடுபட வேண்டாம். "அழாதீங்க அம்மா, போதும்" என்று சொல்வது பெரும்பாலும் பக்கத்தில் நிற்கிறவருக்குத் தாங்க முடியாமல் சொல்வது.

அன்றைக்கு இரவுதான் கவனிக்க வேண்டிய நேரம். பகலில் தெம்பாக இருந்தவர் வீட்டுக்கு வந்து தனியாகப் படுக்கும்போது கிடந்து யோசிப்பார். யாராவது அறையில் கூடப் படுங்கள். அடுத்த நாளும் அதற்கு அடுத்த கிழமையும் நாங்கள் வந்து பார்ப்போம்.

அப்பா வரமாட்டன் எண்டு நிக்கிறார். வற்புறுத்திக் கூட்டி வரலாமா?

வேண்டாம். வர வேண்டும் என்று ஆசைப்படுவது அவரா நீங்களா என்று முதலில் பாருங்கள். சில பேர் மறந்துதான் உயிரோடு இருக்கிறார்கள், அதைக் கெடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. வாசல் வரை வந்து வானைப் பார்த்துவிட்டுத் திரும்பி உள்ளே போன ஐயா ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறோம், அவரும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்து பூ பறித்துத் தந்துவிடுகிறார். அதுவும் வந்த மாதிரித்தான்.

கல்லில எங்கட ஆளின்ட பேர் இல்ல. இருந்தும் போகணுமா?

இது நிறையப் பேருக்கு நடக்கிறது. பட்டியல் எழுதின காலத்தில் குடும்பமே இடம்பெயர்ந்து இருந்திருக்கும், சொல்ல ஆள் இருந்திருக்காது. சில இடத்தில் பெயர் பிழையாக இருக்கும், "செல்லம்மா" "செல்வம்மா" ஆகியிருக்கும். போகிற அன்றைக்கு அதை முதன்முதலாகக் கண்டுபிடித்தால் அது இரண்டாவது தடவை சாகிற மாதிரி. அதனால் நாங்கள் முதலில் ஓர் ஆளை அனுப்பிப் படம் எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் நாள் குறிக்கிறோம்.

இல்லை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். மரணச் சான்றிதழோ, கிராம சேவகரின் கடிதமோ, ஊரில் தெரிந்தவர் இரண்டு பேரோ இருந்தால் நினைவிடத்தைப் பராமரிக்கிற குழுவிடம் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். சில குழுக்கள் உடனே செய்தன, ஓர் இடத்தில் நாலு வருடமாக அலைக்கழிக்கிறார்கள். அந்தத் தாய்க்கு 86 வயது.

மகன் காணாமல் போனவன். நினைவிடத்துக்குப் போனா செத்திட்டான் எண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா?

எங்களிடம் வருகிற கேள்விகளில் கனமானது இதுதான், இதற்கு நான் பதில் சொல்லத் தகுதி உள்ளவன் இல்லை. நாங்கள் செய்வதை மட்டும் சொல்கிறேன். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரை 1990 செப்டம்பர் 5 அன்று பஸ்களில் ஏற்றிப் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. அந்தத் தாய்மாருக்கு உடலும் இல்லை, குழியும் இல்லை. அவர்களிடம் "நினைவிடம்", "அஞ்சலி" என்ற சொற்களை நாங்கள் பாவிப்பதே இல்லை. "மகனைக் கடைசியாகக் கண்ட இடத்துக்குப் போய்வருவமா?" என்றுதான் கேட்கிறோம்.

பொட்டு வைத்துக்கொண்டு வருகிறவர் பொட்டோடு வரட்டும். விளக்குக் கொளுத்த மாட்டேன் என்றால் யாரும் கையில் திணிக்கக் கூடாது. ஒரு அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரு பார்சல் சோறு கட்டிக்கொண்டு வருவார், அதை யாருக்கும் கொடுக்க மாட்டார், திரும்பக் கொண்டுபோவார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் ஒன்றை அமைக்க 2016-ல் சட்டம் வந்தது. அங்கே கொடுத்த முறைப்பாட்டுக்கும் எங்களோடு வருவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, வந்தால் அந்தக் கோரிக்கை பலவீனப்படாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பென்ஷன் எடுத்த பொலிஸ்காரர், ஆமிக்காரர் வரலாமா?

வரலாம், வந்தும் இருக்கிறார்கள். பொலிஸில் இருந்த தமிழரும் முஸ்லிம்களும் இந்த இரண்டு மாவட்டத்திலும் நிறைய. அவர்களுக்கு ஊரிலும் இடம் இல்லை, வேலை செய்த இடத்திலும் இடம் இல்லை என்ற நிலைமை இருந்தது, தன்னோடு நின்று செத்த நண்பனைப் பற்றிப் பேச ஆள் இல்லாமல் 30 வருடம் இருந்திருக்கிறார்கள். அம்பாறையில் சிங்களக் குடும்பங்களும் எங்களைக் கேட்டிருக்கின்றன. அரந்தலாவவில் 1987 ஜூன் 2 அன்று பஸ்ஸில் போன 30-க்கும் மேற்பட்ட பிக்குகளைப் புலிகள் கொன்றார்கள், பெரும்பாலும் சிறு பையன்கள். அந்த பஸ்ஸையே நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு தடவை போய் நின்றபோது, சத்துருக்கொண்டானில் பிள்ளைகளின் வயதை வாசித்த நாள்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் ஆமியில் இருந்தவரையும் ஆமியால் பிள்ளையை இழந்தவரையும் நாங்கள் ஒரே வானில் ஏற்றுவதில்லை. நல்லிணக்கம் என்று சொல்லி அப்படிச் செய்யும்படி எங்களைக் கேட்டவர்கள் உண்டு, காசும் தருகிறோம் என்றார்கள். 80 வயது மனிசரை வைத்துப் பரிசோதனை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டோம்.

அப்ப தமிழ் ஆக்களும் முஸ்லிம் ஆக்களும்?

முதலில் தனித்தனியாகத்தான் தொடங்கினோம். பிறகு ஒரு வீரமுனை அம்மாவும் ஏறாவூர் மூத்தம்மாவும் ஒரே கிளினிக்கில் பழகி, தாங்களாகவே சேர்ந்து போவதாகச் சொன்னார்கள். இரண்டு இடத்துக்கும் இரண்டு பேரையும் கூட்டிப் போனோம். பேசியது எல்லாம் முழங்கால் நோவைப் பற்றியும் பேரப்பிள்ளையின் கலியாணத்தைப் பற்றியும்தான். அவர்களாகக் கேட்டால் செய்வோம், நாங்களாகச் சொல்ல மாட்டோம்.

இயக்கத்துக்குப் போய்ச் செத்த பிள்ளையின்ட தாய் தகப்பனைக் கூட்டிப் போவீங்களா? பிரச்சினை வராதா?

தாய் தாய்தான். பிள்ளை எந்தப் பக்கம் நின்று செத்தாலும் அவருக்கு அது பத்து மாதம் சுமந்த பிள்ளை. கூட்டிப் போவோம். புலிகள் இயக்கம் இலங்கையில் தடைசெய்யப்பட்டது, அதன் கொடி, சின்னம், சீருடைப் படம் எதையும் வானில் ஏற்ற மாட்டோம். இறந்த உறவினரை நினைவுகூரலாம், தடைசெய்யப்பட்ட அமைப்பின் சின்னங்களைப் பாவிக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் அரசாங்கமும் சொன்னது. தாய் கொண்டுவருவது பெரும்பாலும் பாடசாலைச் சீருடையில் எடுத்த பழைய படம், அது போதும்.

யாராவது வந்து பெயர் விபரம் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள் என்பதுதான் எங்கள் பழக்கம். யார் வருகிறார்கள், எங்கே போகிறோம் என்ற தாள் எப்போதும் டிரைவரிடம் இருக்கும். அப்படியும் பயமாக இருந்தால் வர வேண்டாம், உங்கள் பயம் அர்த்தமில்லாத பயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கல்லடிக் கடலுக்குள்ள கிடக்கிற கப்பலைப் பார்க்க வெள்ளைக்காரர் வாறாங்களே, அதுவும் இந்த மாதிரியா?

அதே மாதிரிதான். ஹேர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. திருகோணமலைத் துறைமுகம் தாக்கப்படும் என்று தெரிந்து தெற்கே விலகி வந்து, திரும்பிப் போகும் வழியில் நம்முடைய கடலில் அகப்பட்டுக்கொண்டது. அன்றைக்கு அதில் விமானமே இருக்கவில்லை. 307 பேர் இறந்தார்கள். கூடப் போன அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. வீற்றா என்ற மருத்துவக் கப்பல் கிட்ட நின்றதால் நூற்றுக்கணக்கானவர்கள் தப்பினார்கள்.

கப்பல் 50 மீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது, விசேட பயிற்சி உள்ள சுழியோடிகளுக்குத்தான் எட்டும். இப்போது வருகிறவர்கள் பேரப்பிள்ளைகள். தாத்தாவின் படத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த ஒருவரை நாங்கள் கல்லடிக் கரைக்குக் கூட்டிப் போனோம், எங்கள் வானில் வரும் ஒரு மீன்பிடிக்கார ஐயா அவருக்குத் திசை காட்டினார். ஐயாவுக்கு இங்கிலீசு தெரியாது. கையை நீட்டிக் கடலைக் காட்டிவிட்டு அவருடைய தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மாவுக்கு மறதி வருத்தம். போனாலும் நினைவிருக்காதே?

நாளைக்கு நினைவிருக்காது, உண்மைதான். ஆனாலும் அன்றைக்கு அங்கே நிற்கும்போது சில பேருக்கு எல்லாம் தெரிகிறது. ஆனால் ஓர் ஆபத்து இருக்கிறது. மகன் இறந்ததையே மறந்திருக்கிற தாய்க்கு அங்கே போய்த்தான் அது முதன்முதலாகத் தெரிய வரும் என்றால், கூட்டி வராதீர்கள். மேலே அப்பாவைப் பற்றிச் சொன்ன அதே பதில்தான்.

வெளிநாட்டில இருக்கிறம். காசு அனுப்பிறதைத் தவிர என்ன செய்யலாம்?

கடிதம் எழுதுங்கள். ஹானர் ஃப்ளைட்டில் திரும்பி வரும்போது பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டுக் கடிதம் கொடுப்பார்கள், போர்க்காலத்தில் முகாமில் தபால் பிரிக்கிற மாதிரிப் பெயர் கூப்பிட்டு. நாங்களும் செய்கிறோம். வானில் திரும்பும்போது எல்லாரும் களைத்துப் பேசாமல் இருப்பார்கள், அப்போது வாசிப்போம். டொரன்டோவில் பிறந்த ஒரு பேத்தி கோணல் மாணலாகத் தமிழில் நாலு வரி எழுதியிருந்தாள், "அம்மம்மா, மாமாவைப் பற்றி எனக்கும் சொல்லுங்க" என்று. அம்மம்மா அதை நாலு தரம் வாசிக்கச் சொன்னார். போன் பேசும்போது சொல்ல வராதது கடிதத்தில் வரும். கையால் எழுதுங்கள், வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் நாங்கள் அச்சடித்துக் கொடுக்கிறோம்.

படம், வீடியோ எடுத்து பேஸ்புக்கில போடுவீங்களா?

இல்லை. குடும்பத்துக்கு மட்டும் இரண்டு மூன்று படம் கொடுப்போம். அழுகிற முகத்தைக் கிட்டப் போய் எடுப்பவரை எங்கள் வானில் ஏற்றுவதில்லை, காசு தந்தவர் என்றாலும்.

படுக்கையில கிடக்கிறவருக்கு என்ன செய்யிறது?

யாராவது ஒருவர் அவருக்காகப் போகலாம். வீடியோ கோலில் காட்டலாம், போனை ஆட்டாமல் மெதுவாகப் பிடியுங்கள், கல்லில் இருந்து தொடங்காமல் வீதியில் இருந்தே காட்டிக்கொண்டு போங்கள். எல்லாம் மாறியிருக்கும், வழி தெரிந்தால்தான் இடம் பிடிபடும். கொக்குவிலில் பிறந்து பிறகு வேறு ஊரில் வாழ்ந்த ஒரு அம்மாவுக்கு அப்படிக் காட்டினோம். நினைவுத்தூணைக் காட்டும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுக்கப் போகும்போது, "அந்தப் பக்கம் ஒரு கிணறு இருந்ததே, அதைக் காட்டு மகன்" என்றார். நடந்து நடந்து தேடினோம். கிணறு இருந்தது, மேலே பலகை போட்டு மூடியிருந்தார்கள். பலகையைக் கொஞ்சம் விலக்கிப் போனை உள்ளே பிடித்தேன். தண்ணீர் தெரிந்தது.